புதைபடிவ இலையிலிருந்து மழைக்காட்டை அறிவது எப்படி?

கல்லில் பதிந்த இலையை மட்டும் பார்த்து, அங்கே மழைக்காடு இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று காரைக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

நம் செட்டிநாட்டு வறண்ட நிலத்துக் கருவேலத்தின் சிற்றிலைகளையும், ஊருணிக் கரை அரசிலையின் நீண்ட கூர்நுனியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நீர் குறைந்த இடத்து இலைகள் பெரும்பாலும் சிறுத்திருக்கும். மழை மிகுந்த காட்டில் அகன்ற இலைகளும், நீரை வடித்துவிடும் நுனிகளும் பெருகும். வெப்பம் கூடுகையில் பல்லில்லாத விளிம்புடைய மர இனங்களின் விகிதமும் உயரும். ஆனால் வெப்ப நாட்டு வேம்புக்கே பல்விளிம்பு உண்டு என்பதால், ஓர் இலையை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை.

கொலம்பியாவின் செரகோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, ஏறத்தாழ 5.8 கோடி ஆண்டுப் பழமையான இலைகள் இவ்வகையில் பெரும் சான்று. (டைட்டனோபோவா என்னும் மாபெரும் பாம்பின் எலும்புகளும் அங்கேதான் கிடைத்தன.) இந்த இலைகளில் நரம்படர்த்தி (இலைப்பரப்பில் நரம்புகள் எவ்வளவு நெருங்கியுள்ளன என்பது) இலைக்கு இலை மிகவும் வேறுபடுகிறது; வெயில் படும் உச்சி இலைகளும் நிழலில் வாழும் அடி இலைகளும் உள்ள, மர உச்சிகள் சேர்ந்து கூரைபோல் விதானம் மூடிய காட்டின் அடையாளம் அது. அவரைக் குடும்பத் தாவரங்களும் அங்கு மிகுதி.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதுவதற்கு முந்தைய அப்பகுதிக் காடுகளிலோ, ஊசியிலை மரங்களும் பெரணிகளும் பூக்கும் தாவரங்களோடு கலந்து, வெளிச்சம் தரையைத் தொடும்படி இடைவெளிவிட்டு வளர்ந்திருந்தன. மரங்களை மேய்ந்து மிதித்த பெரிய டைனோசர்கள் அழிந்ததும், விண்கல் மோதலில் எழுந்து விழுந்த சாம்பல் மண்ணை வளப்படுத்தியதும் இந்த மாற்றத்துக்குக் காரணமாகக் கருதப்படுகின்றன; முதலாவது எனக்குக் கூடுதல் நம்பிக்கை அளிக்கிறது.