ஐந்து மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியின் நின்றிருந்த ஒரு காது மடங்கிவிட்டது, கலப்பினமா?

கலப்பு என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்து மாத வயதில், நின்ற காது மறுபடி மடங்குவது இந்த இனத்தில் சர்வ சாதாரணம். விற்றவரிடம் சண்டைக்குப் போக இது ஒரு காரணமே இல்லை.

பல் மாறும் நேரம் என்பதுதான் என் கணிப்பு. ஏறக்குறைய நாலாவது மாதத்திலிருந்து ஏழாவது மாதம் வரை பால்பல் விழுந்து நிலைப்பல் வரும். அதுவரை காது ஏறும், இறங்கும். ஒன்று நிற்கும்போது மற்றது தலைமேல் சாய்ந்து கிடக்கும் (பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள்).

உதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லைப் பாருங்கள். ஊசி மாதிரி பழைய பல்லுக்குப் பக்கத்தில் தடித்த புதுப்பல் எட்டிப் பார்த்தால் பல் மாற்றம் இன்னும் முடியவில்லை. அடுத்து, காதின் அடியைத் தொட்டுப் பாருங்கள். அடி கெட்டியாக இருந்து மேல்பாதி மட்டும் மடங்கினால் பெரும்பாலும் தானே நிமிரும்.

1899-ல் ஜெர்மனியில் மேக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் இந்த இனத்தை உருவாக்கத் தொடங்கியபோது, ஆடு மேய்க்கும் நாய்களிடம் அவர் முதலில் தேடியது அறிவையும் வேலைத்திறனையும்; காதெல்லாம் பிறகுதான். சுத்த வம்சத்திலும் காது நிமிராத குட்டி எப்போதாவது பிறக்கும்.

காது நிற்க வேண்டும் என்று கால்சியம் மருந்து மட்டும் கொடுக்காதீர்கள். பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும். மடங்கிய காதைச் சொறிந்தாலோ, உள்ளே நாற்றமோ கறுப்பு அழுக்கோ இருந்தாலோ அது வேறு விஷயம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.