கணினிக் கேள்வி பதில்: 37-ஆவது மெயிலில் என்ன இருக்கிறது?

கேள்வி: வணக்கம் தம்பி. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கிறேன். பல வருடமாக என் மடிக்கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரலில்தான் மெயில் பார்க்கிறேன், போப் கணக்கு. பழைய மாணவர்கள் படமும் கடிதமும் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நாளாக, மெயில் இறங்கும்போது கீழே ‘டவுன்லோடிங் மெசேஜ் 37 ஆஃப் 143’ என்று வந்து அப்படியே நின்றுவிடுகிறது. திரை வெளுத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்கிறது. மூடித் திறந்தால் முதல் 36 மெயிலும் மறுபடி இறங்குகின்றன. இப்போது ஒவ்வொன்றும் மூன்று, நான்கு பிரதி. பேரன் புது லேப்டாப் வாங்கச் சொல்கிறான். பழுதுபார்க்கும் கடையில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி போடவேண்டும், 120 வெள்ளி என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: டீச்சர், லேப்டாப்பும் வேண்டாம், 120 வெள்ளியும் வேண்டாம். அழிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள். போப் என்பது மெயிலை சர்வரிலிருந்து, அதாவது மெயில் சேவையின் கணினியிலிருந்து, உங்கள் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. அதில் இறக்கி முடித்த மெயில் பெரும்பாலும் சர்வரில் இருக்காது, உங்கள் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். அதை அழித்தால் உங்கள் மாணவர்கள் இத்தனை வருடம் எழுதியதெல்லாம் போய்விடும்.

அதனால் முதல் வேலை, பிரதி எடுப்பது. தண்டர்பேர்டில் ‘ஹெல்ப்’, அதற்குள் ‘மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’. அங்கே ‘புரொஃபைல் ஃபோல்டர்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ இருக்கும். உங்கள் மெயில் எல்லாம் அதற்குள்தான். ஃபோல்டர் திறந்ததும் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பழைய தம் டிரைவ் என்றால் ஃபேட்32 முறையில் இருக்கலாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது; டிரைவில் இடம் காலியாக இருந்தாலும் ஏறாது. எக்ஸ்ஃபேட் முறையில் உள்ள டிரைவைப் பேரனிடம் கேட்டு வாங்குங்கள். லேப்டாப் வாங்கச் சொன்னவர் இதையாவது செய்யட்டும்.

சரி, இனி 37-க்கு வருவோம். எப்போதும் அதே எண்ணில் நிற்கிறது என்பதால் என் சந்தேகம் முழுக்க அந்த ஒரு மெயில் மேல்தான். பிரௌசர் வழியாக உங்கள் மெயில் சேவையின் வெப்மெயிலுக்குள் போங்கள். போப் பொதுவாகப் பழையதிலிருந்து புதியதுக்கு வரும். ஆகவே பழைய பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் 37-ஆவதோ அதற்கு அக்கம்பக்கத்திலோ இருப்பதுதான் ஆள். அளவுப்படி வரிசைப்படுத்த வசதி இருந்தால் இன்னும் சுலபம். யாரோ மாணவர் ஒன்றுகூடல் படங்களை மொத்தமாக ஒரே மெயிலில் அனுப்பியிருப்பார் என்று பந்தயமே கட்டுவேன். படம் மெயிலில் ஏறும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. 18 எம்பி படங்கள் 24 எம்பியைத் தாண்டித்தான் உங்களிடம் வந்து சேரும்.

அந்த மெயிலை அழிக்கவேண்டாம். வெப்மெயிலிலேயே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் நகர்த்திவிடுங்கள். போப் பொதுவாக இன்பாக்ஸை மட்டும்தான் பார்க்கும், வேறு ஃபோல்டர் அதன் கண்ணுக்குத் தெரியாது. படங்களைப் பிரௌசரிலிருந்தே சேமித்துக்கொள்ளலாம். பிறகு தண்டர்பேர்டைத் திறந்து இறக்கிப் பாருங்கள்.

மூன்று, நான்கு பிரதி வந்ததே, அது ஏன் என்றால்: மெயிலை இறக்கியதும் ‘இதை அழித்துவிடு’ என்று நிரல் சர்வரிடம் சொல்லும். சர்வர் உடனே அழிக்காது. குறித்து மட்டும் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்து நிரல் ‘க்விட்’ என்று விடைபெற்ற பிறகே அழிக்கும். 1996-இல் வெளிவந்த போப்3 விதியிலேயே இப்படித்தான் இருக்கிறது. நடுவழியில் இணைப்பு அறுந்தால் மெயில் தொலைந்துவிடக்கூடாதே என்ற முன்யோசனை. உங்களுக்கு 37-இல் உறைந்துபோவதால் ‘க்விட்’ போய்ச் சேருவதே இல்லை, சர்வர் மறுநாளும் முதலிலிருந்து கொடுக்கிறது. எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்த 36 மெயிலும் பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தம். சர்வரிலேயே பிரதி வைத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தாலும் இதே கதிதான். எதை இறக்கினோம் என்ற குறிப்பைத் தண்டர்பேர்ட் கடைசியில்தான் எழுதுகிறது.

அந்த மெயிலை நகர்த்திய பிறகும் ஒருநாள் 12, ஒருநாள் 60 என்று கண்ட இடத்தில் நின்றால், கோளாறு லேப்டாப்புக்குள் இருக்கிறது. தண்டர்பேர்ட், வேறுவிதமாக நீங்கள் அமைக்காதவரை, இன்பாக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாக வைத்திருக்கும். நீங்கள் அழித்த மெயிலும் அதற்குள்ளேயே கிடக்கும். வருகைப் பதிவேட்டில் பள்ளி மாறிப்போன பிள்ளையின் பெயரைக் கோடிட்டு அடிப்பீர்களே, அதுபோலத்தான். ஏடு இளைக்காது. ஃபோல்டரைச் சுருக்கினால்தான் இளைக்கும். இன்பாக்ஸில் வலது க்ளிக் செய்து ‘காம்பேக்ட்’ கொடுங்கள். அது கோப்பைப் புதிதாக எழுதும் என்பதால் டிஸ்க்கில் அந்த அளவுக்கு இடம் காலியாக இருக்கவேண்டும். ஓடும்போது நடுவில் மூடிவிடாதீர்கள். அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்கள் கீழே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் அதே வலது க்ளிக்கில் ‘ப்ராப்பர்டீஸ்’ போய் ‘ரிப்பேர் ஃபோல்டர்’. அது மெயிலைத் தொடாது, அட்டவணையை மட்டும் புதிதாகப் போடும்.

இன்னொரு சந்தேகப் பேர்வழி ஆன்டிவைரஸ். ஒரு மெயில் வந்து சேரும்போதெல்லாம் இந்த ராட்சதக் கோப்பை முழுசாகச் சோதிக்கக் கிளம்பினால், தண்டர்பேர்ட் எழுத முடியாமல் காத்துக்கிடக்கும். ஒரே ஒரு கெட்ட மெயிலுக்காக மொத்த இன்பாக்ஸையும் ஒதுக்கி வைத்துவிடும் ஆபத்தும் உண்டு. ஆன்டிவைரஸின் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பகுதியில் அந்தப் புரொஃபைல் ஃபோல்டரைச் சேருங்கள். மெயிலோடு வரும் இணைப்புக் கோப்பைத் திறக்கும்போதோ சேமிக்கும்போதோ சோதனை வழக்கம்போல நடக்கும்.

எல்லாம் சரியான பிறகு ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதன்கீழ் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, பழைய மெயிலை அதற்கு நகர்த்துங்கள். ஒரே மூச்சில் ஆயிரக்கணக்கில் இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக. இரட்டைப் பிரதிகளை நீக்க ஆட்-ஆன்கள் உண்டு, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எனக்கும் மெயில் உறைந்துபோனது. இணையத்தில் தீர்வு தேடினேன். திடீரென்று திரை முழுக்க ‘உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்று எச்சரிக்கை, கூடவே அலறல் சத்தம். மூடவே முடியவில்லை. அழைக்கலாமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: கூடாது. அது வெறும் இணையப் பக்கம். உங்கள் கணினிக்கு வைரஸ் வந்ததா என்பது அதற்குத் தெரியாது. ‘ஆல்ட்’ விசையோடு ‘எஃப்4’ அழுத்திப் பாருங்கள். மசியாவிட்டால் ‘கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப்’ மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் பிரௌசரைத் தேர்ந்து ‘எண்ட் டாஸ்க்’ கொடுங்கள். அடுத்தமுறை பிரௌசர் பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏற்கெனவே அழைத்து, அவர்கள் சொன்ன செயலியை நிறுவி, கணினியை அவர்கள் கையில் கொடுத்திருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். மோசடிதானா என்று சந்தேகமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் 1799. எந்த நேரமும் அழைக்கலாம்.