தொடர் வெளியீட்டில் வந்த பல தொகுதி நூலுக்கு அழைப்பெண் எப்படிக் கொடுப்பது?

அழைப்பெண் என்பது புத்தகம் தட்டில் எங்கே இருக்கும் என்று காட்ட அதன் முதுகில் ஒட்டும் எண். அதில் பதிப்பகம் போட்ட தொடர் எண்ணை எழுதுவதா, நூலின் தொகுதி எண்ணை எழுதுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். வாசகர் எந்த எண்ணைச் சொல்லிக் கேட்பாரோ அதுதான் முதுகில் இருக்க வேண்டும் என்பேன். மற்றது நூலகப் பட்டியலில் இருக்கட்டும்.

ஒரு நகரத்தார் வீட்டிலிருந்து கம்பராமாயணம் ஏழு புத்தகமாக எங்களுக்கு வந்தது. ஆறு காண்டம், அதில் யுத்த காண்டம் மட்டும் இரண்டு புத்தகம். அந்தப் பதிப்பகத்தின் தொடரில் அவை 23 முதல் 29 வரை. அட்டையில் பெரிதாக இருந்த அந்த எண்களையே சீட்டில் எழுதி ஒட்டிவிட்டேன்.

பங்குனியில் கம்பன் விழா நெருங்கும்போது இங்கே காண்டங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள். அப்படி வந்த ஓர் ஆச்சி சுந்தர காண்டத்துக்காக அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார். "முதல் இருபத்திரண்டும் எங்கே தம்பி? அஞ்சாவதைக் காணோமே" என்றார். அவர் கேட்ட புத்தகம் 27 என்ற சீட்டோடு அவர் கண்ணெதிரே இருந்தது. எனக்கு மனசே ஆறவில்லை. அன்று சாயங்காலமே ஈரத்துணி வைத்து ஏழு சீட்டையும் ஊறவைத்து உரித்தேன்.

இப்போது முதல் வரியில் 894.8111, அதாவது நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் டியூவி முறையில் தமிழ்க் கவிதை. அடுத்த வரியில் கம்பர் பெயரின் முதல் எழுத்துகளாக 'கம்'. அதற்குக் கீழே சுந்தர காண்டமானால் 'தொ.5', அதாவது ஐந்தாம் தொகுதி. ஏழு புத்தகத்துக்கும் முதல் இரண்டு வரி ஒன்றேதான். அதே தொடரில் வேளாண்மை நூல் இருந்தால் அது வேளாண்மைக்கே போகும்.

அழைப்பெண்ணில் ஆண்டு சேர்ப்பவரா நீங்கள்? முதல் தொகுதியின் ஆண்டையே எல்லாவற்றுக்கும் போடுங்கள். பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது 1968இல். அந்தந்தத் தொகுதியின் ஆண்டைப் போட்டால் ஒரே நூல் தட்டு முழுக்கச் சிதறிவிடும்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்துத் தரும் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற தொடரின் தொகுதிகளை ஆய்வாளர்கள் தொகுதி எண், கல்வெட்டு எண் சொல்லியே கேட்பார்கள். அங்கே தொடர் முழுவதற்கும் ஒரே அழைப்பெண் கொடுத்து, தொடரின் எண்ணையே முதுகில் எழுத வேண்டும். அதன் இரண்டாம் தொகுதி பல பாகங்களாக வந்ததால் 'தொ.2 பா.3' என்று இன்னொரு படி சேரும். இப்படி ஒன்றாக வைத்த தொடரில் ஒரு நூல் மூன்று எண்களைப் பிடித்திருந்தாலும் தொடர் எண்ணை மாற்றாதீர்கள். அந்த நூலின் பெயரில் பட்டியலில் தனிப் பதிவு போட்டால் போதும்.

அப்புறம், புத்தகம் நூலகத்துக்கு வந்ததும் பதிவேட்டில் கொடுக்கும் சேர்க்கை எண் மட்டும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனித்தனிதான். எந்த வழியைத் தேர்ந்தீர்கள் என்பதைப் பட்டியல் அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். அடுத்த தொகுதி வரும்போது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருக்கலாம்.