கீழ் செட் ஏன் நிற்பதில்லை? பல்செட் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 68. மேலே பல்லே இல்லை. கீழே ஆறு பல்தான் மிச்சம், அதிலும் நாலு ஆடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரேயடியாக செட் கட்டிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேச்சு. சரிதானா? பல் எடுத்தபின் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஆடும் நாலும் போகட்டும். ஆடாத இரண்டும் கோரைப்பற்கள் என்றால் அவற்றை எடுக்க அவசரப்படாதீர்கள். வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் தெரியும்படி குட்டையாக்கி, அதன்மேல் கீழ் செட்டை உட்கார வைக்க முடியும். மேல் செட் எப்படியும் நின்றுவிடும். மல்லுக்கட்டுவது கீழ் செட்தான்.

பல் போன இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்குகிறது. முதல் ஆறு மாதம் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் ஆயுள் முழுக்க. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில் இது ஏறக்குறைய நாலு மடங்கு. 1978இல் வெளியான ஐந்தாண்டு ஆய்வு ஒன்றில், எல்லாப் பல்லையும் எடுத்தவர்களுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு சராசரியாக 5 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. கோரைப்பல் வேர்களை விட்டுவைத்தவர்களுக்குக் குறைந்தது 0.6 மில்லிமீட்டர்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குட்டைப் பற்களைத் தினமும் ஃப்ளூரைடு பேஸ்ட் போட்டுத் துலக்க வேண்டும். செட்டுக்கு அடியில் எச்சில் ஓட்டம் கிடையாது, சீக்கிரம் சொத்தை விழும். துலக்கிவிட வீட்டில் யாரும் இல்லை, அவராலும் முடியாது என்றால் இந்த யோசனை வேண்டாம்.

பல் எடுத்தபின் ஈறு மூட ஆறு முதல் எட்டு வாரம். மூன்று மாதம் பொறுத்தால் இன்னும் நல்லது. அதுவரை பொக்கை வாயோடு இருக்க முடியாது என்பவர்களுக்கு, பல் எடுப்பதற்கு முன்பே அளவெடுத்துச் செய்துவைத்து, எடுத்த அன்றே மாட்டும் செட் உண்டு. அதை முதல் 24 மணி நேரம் கழற்றக் கூடாது. கழற்றினால் ஈறு வீங்கி மறுபடி ஏறாது. மூன்று முதல் ஆறு மாதத்தில் அது தளர்ந்துவிடும், உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் (செட் செய்யும் பிளாஸ்டிக்) நிரப்ப வேண்டும் அல்லது வேறு செட் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முழு செட்டுக்கு ஐந்து தடவை வரச் சொல்கிறார் டாக்டர். எங்கள் ஊரில் ஒருவர் ஒரே நாளில், பாதி விலையில் கட்டித் தருகிறார். ஐந்து தடவை எதற்கு?
– வாசகர், திருப்பூர்

பதில்: ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை நடக்கிறது. முதல் நாள் தோராய அளவு. கடையில் கிடைக்கும் பொது அளவுத் தட்டில் ஆல்ஜினேட் மாவைக் குழைத்து வைத்து எடுப்பார்கள். அதில் ஜிப்சம் அச்சு வார்த்து, உங்கள் வாய்க்கென்றே தனித் தட்டு செய்வார்கள்.

இரண்டாம் நாள்தான் செட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. பச்சை நிறக் குச்சி போன்ற ஒரு பொருளை ஸ்பிரிட் விளக்கில் உருக்கி, வெந்நீரில் முக்கி, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார்கள். ஒவ்வொரு தரமும் வாயில் வைத்து, உதட்டைக் குவி, கன்னத்தை உள்ளே இழு, நாக்கை நீட்டு, எச்சிலை விழுங்கு என்பார்கள். கன்னமும் நாக்கும் அசையும்போது எதுவரை இடம் தருகின்றனவோ அதுவரைதான் செட்டின் விளிம்பு போகலாம். ஒரு மில்லிமீட்டர் கூடினால் புண். குறைந்தால் காற்று புகுந்து பிடிப்பு போகும். மேல்வாயின் பின் எல்லையைக் குறிக்க “ஆ” சொல்லச் சொல்வார்கள். அசையும் அண்ணமும் அசையாத அண்ணமும் சேரும் கோட்டில்தான் மேல் செட் முடிய வேண்டும். இதெல்லாம் ஆனபிறகு கிராம்பு எண்ணெய் மணக்கும் பசையாலோ சிலிகோனாலோ இறுதி அளவு. அவசரமாகச் செய்பவர்கள் விட்டுவிடுவது இந்த நாளைத்தான்.

மூன்றாம் நாள் மெழுகுத் திட்டை வைத்துத் தாடையின் உயரத்தை அளப்பது. வாய் ஓய்வாக இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கிடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். உயரம் கூடினால் பேசும்போது பல் கடகடக்கும், தாடை வலிக்கும், ஈறு முழுக்க எரியும். குறைந்தால் மோவாய் மூக்கை நோக்கி ஏறி, உதட்டோரம் மடிந்து எச்சில் தேங்கி வெடிக்கும்.

நாலாம் நாள் மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துக் காட்டுவார்கள். வீட்டில் ஒருவரையும், பல் இருந்த காலத்துப் போட்டோ ஒன்றையும் கூட்டிப் போங்கள். வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். “வாழை, வெல்லம்” சொல்லும்போது மேல் முன்பல் கீழுதட்டைத் தொடுகிறதா, “சச்சரவு” சொல்லும்போது மேல் கீழ்ப் பற்கள் இடிக்காமல் இருக்கிறதா, “ழ” தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். நிறம், நீளம், உதட்டின் புடைப்பு எது பிடிக்காவிட்டாலும் அன்றைக்கே சொல்லுங்கள். மெழுகை அக்ரிலிக்காக மாற்றியபின் சொன்னால் மறுபடி முதலிலிருந்துதான். அந்த மாற்றமும் பல மணி நேர வேலை. 74 டிகிரியில் எட்டு மணி நேரம்போல மெதுவாக வேகவைப்பது பழைய முறை. அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் உள்ளே குமிழி விழுந்து செட் பலமிழக்கும்.

ஐந்தாம் நாள் மாட்டுவது. மறுநாளும் ஒரு வாரத்திலும் திருத்தத்துக்குப் போக வேண்டும், அதையும் சேர்த்தால் ஏழு.

ஒரே நாள்காரர்கள் பலர் அக்ரிலிக் மாவை வாயிலேயே குழைத்து, பக்கத்துப் பல்லோடு கம்பி கட்டி ஒட்டிவிடுகிறார்கள். அதைக் கழற்ற முடியாது, கழுவ முடியாது. இரண்டு மூன்று வருடத்தில் நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் போகும். மேல் செட்டின் உள்ளே ரப்பர் உறிஞ்சி வைத்துத் தருபவர்களிடம் சிக்கவே சிக்காதீர்கள். அது அண்ணத்தில் ஓட்டையே போட்டதுண்டு. சட்டப்படி பதிவு செய்த பல் மருத்துவர்தான் இந்தத் தொழில் செய்யலாம், பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். பணம்தான் தடை என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களுக்குப் போகலாம். நடை அதிகம் ஆகும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் சரிபார்த்த பிறகே மாணவர் அடுத்த வேலைக்குப் போவார்.

கேள்வி: மேல் செட் பிசகே இல்லை. கீழ் செட் மட்டும் பேசினால் மிதக்கிறது. மூன்று மாதம் ஆகிறது. செய்தது தப்பா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தப்பாகவும் இருக்கலாம், தாடையின் குணமாகவும் இருக்கலாம். மேல் செட் அண்ணம் முழுக்கப் படிந்து, நடுவில் ஒரு மெல்லிய எச்சில் படலத்தால் ஒட்டிக்கொள்கிறது. கீழே உட்காரும் பரப்பு அதில் ஏறக்குறைய பாதிதான், அதன் நடுவே ஓயாமல் ஆடும் நாக்கு வேறு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை லேசாகத் திறந்து, நாக்கை அசைக்காமல் இருங்கள். அப்போதே செட் எழும்பினால் விளிம்பு நீளம், டாக்டர் தேய்த்துக் குறைக்க வேண்டும். அப்போது நின்று, நாக்கைப் பின்னால் இழுக்கும்போது மட்டும் எழும்பினால் நாக்குக்குப் பழக்கம் போதவில்லை. நாக்கு நுனி கீழ் முன்பல்லின் உள்பக்கத்தைத் தொட்டபடி இருக்கப் பழகுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் பிடிபட வேண்டிய விஷயம் இது. கடிக்கும்போது ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் தூக்கினால் பல் அடுக்கில் கோளாறு. வாய் வறண்டே இருக்கிறதென்றால் நீங்கள் சாப்பிடும் ரத்த அழுத்த, மனச்சோர்வு மாத்திரைகளின் பட்டியலை டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒட்டும் பசை தற்காலிகம். ஈரமில்லாத செட்டில் பட்டாணி அளவு மூன்று இடத்தில் போதும். மேல் கீழ் இரண்டுக்கும் சேர்த்து 68 கிராம் குழாய் ஏழெட்டு வாரம் வர வேண்டும். அதற்கு முன் தீர்ந்தால் செட்டில்தான் கோளாறு. துத்தநாகம் கலந்த பசையை அள்ளி அள்ளிப் பூசியவர்களுக்கு உடலில் தாமிரம் குறைந்து கை கால் மரத்துப்போயிருக்கிறது.

தாடை மேடே இல்லாமல் தேய்ந்திருந்தால் எத்தனை செட் மாற்றினாலும் பலன் சுமார்தான். முன்பக்கத்தில் இரண்டு இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைத்து, பொத்தான் மாதிரி அதில் செட்டைப் பொருத்துவதே தீர்வு. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுதான் முதல் தேர்வு என்று 2002இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். பொத்தானின் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஜொலட்ரானிக் ஊசி போட்டவர்கள், கழுத்து, தாடையில் கதிர்வீச்சு எடுத்தவர்கள் அதைச் சொல்லாமல் இம்ப்ளாண்டுக்கு உட்காரக் கூடாது.

கேள்வி: புது செட் போட்டு ஒரு வாரம். இட்லிகூடக் கஷ்டமாக இருக்கிறது. எச்சில் வேறு ஊறிக்கொண்டே இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: எச்சில் சில நாளில் அடங்கும், செட்டைத் தின்பண்டம் என்று வாய் நினைத்துக்கொள்கிறது. முதல் வாரம் குழைத்த ரசம் சாதம், ஊறிய இட்லி. இரண்டாம் வாரம் தோசை, வெந்த காய். சின்னச் சின்னத் துண்டாக எடுத்து இரண்டு கடைவாயிலும் ஒரே சமயம் வைத்து மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுத்தால் பின்பக்கம் தூக்கும். செட்டின் கடிவலு சொந்தப் பல்லில் கால் பங்கு வந்தாலே அதிகம். முறுக்கு, கரும்பு, கொய்யாவைத் துண்டு போட்டும் பொடித்தும் சாப்பிட வேண்டியதுதான்.

புண் வந்தால் அரத்தால் நீங்களே தேய்க்காதீர்கள். செட்டைக் கழற்றி வையுங்கள், ஆனால் டாக்டரிடம் போகிற அன்று காலையிலிருந்து போட்டுக்கொண்டு போங்கள். எந்த இடம் உரசுகிறது என்று அப்போதுதான் தெரியும். தேய்த்துச் சரிசெய்தபின்னும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். புகையிலை போடுகிறவர்கள் இதை ஒத்திப்போடவே கூடாது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. செட்டைக் கழற்றாமலே தூங்குகிறார். அண்ணம் செக்கச்செவேல் என்று இருக்கிறது, வலி இல்லை என்கிறார்.
– வாசகர், விழுப்புரம்

பதில்: செட்டின் வடிவத்திலேயே சிவந்திருந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. வலிக்காது என்பதால்தான் கவனிக்க மாட்டார்கள். இரவில் ஆறேழு மணி நேரம் செட் வெளியே, தண்ணீரில் இருக்க வேண்டும். வாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, பூஞ்சை செட்டின் நுண்ணிய துளைகளில் குடியிருக்கிறது. செட்டையும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் ஊறவைக்கச் சொல்வார்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால், பூஞ்சைக்குத் தரும் மைக்கோனசோல் ஜெல் ஆகாது, ரத்தம் கசியும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும்.

கழுவும் முறை: தொட்டியில் தண்ணீர் நிரப்பி அல்லது துண்டு விரித்து அதன்மேல் பிடித்துக்கொள்ளுங்கள். கை நழுவி சிங்க்கில் விழுந்து உடைவதுதான் அதிகம். மென்மையான பிரஷ், சாதா சோப்பு. பேஸ்ட், பல்பொடி, உப்பு, கரி எதுவும் வேண்டாம், கீறல் விழுந்து அதில் அழுக்கு சேரும். வெந்நீரில் போட்டால் செட் கோணிக்கொள்ளும்.

கேள்வி: மேல் செட் நடுவில் இரண்டாக உடைந்துவிட்டது. உடனடிப் பசை போட்டு ஒட்டலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். ஒரு மயிரிழை விலகி ஒட்டினாலும் கடி மாறிவிடும், பசை படிந்த விளிம்பை டாக்டரால் மறுபடி பொருத்தவும் முடியாது. இரண்டு துண்டையும், உதிர்ந்த சிறு சில்லையும்கூட, ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். ஒட்டித் தந்தபின் “ஏன் உடைந்தது?” என்று கேளுங்கள். கீழே விழாமல் தானாக நடுவில் பிளந்தால், ஓர எலும்பு கரைந்து செட் நடு அண்ணத்தின் மேல் ஆடுகிறது என்று பொருள். உள்பக்கம் நிரப்பிப் படியவைக்காவிட்டால் அதே இடத்தில் மறுபடி உடையும்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு முன்பல்தான் செட். தூங்கும்போது கழற்ற வேண்டுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பெரிய செட்டைவிட நீங்கள்தான் முதலில் கழற்ற வேண்டும். கம்பியோடு கூடிய ஒற்றைப்பல் செட் தூக்கத்தில் தொண்டைக்குள் போய்விடும் அளவுதான். சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது, கம்பி இருந்தால் அது மட்டும் தெரியலாம். காலையில் செட் காணவில்லை, விழுங்கச் சிரமமாக இருக்கிறது என்றால் “எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை” என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், செட் காணாமல் போனதைச் சொல்லி எண்டோஸ்கோபி கேளுங்கள். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருந்து தருபவரிடம் முதலிலேயே இதைச் சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.