பழைய சிஎன்சி, புதிய சர்வர்: எஸ்எம்பி 1ஐ இயக்கலாமா?

கேள்வி: எங்கள் பட்டறையின் சிஎன்சி மில்லிங் இயந்திரத்தில் (கணினி புரோகிராம்படி உலோகத்தை வெட்டுவது) கன்ட்ரோல் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது. அலுவலக சர்வரை மாற்றிய பிறகு, புரோகிராம் ஃபோல்டரை அதிலிருந்து திறக்க முடியவில்லை. சர்வரில் எஸ்எம்பி 1ஐ (நெட்வொர்க்கில் ஃபோல்டர்களைப் பகிரும் விண்டோஸ் நெறிமுறையின் முதல் பதிப்பு) இயக்கினால் திறக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? (கோவை வாசகர்)

பதில்: வேண்டாம். இன்றே அதை அணைத்துவிடுங்கள். எக்ஸ்பிக்கு எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும். இரண்டாம் பதிப்பு அடுத்த விண்டோஸான விஸ்டாவோடுதான் வந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மறு ஆண்டு ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளில் சிப் உற்பத்தியே தடைபட்டது. புதிய கருவி ஒன்றை நெட்வொர்க்கில் இணைத்தபோது அதே வைரஸின் ஒரு வடிவம் உள்ளே நுழைந்ததுதான் காரணம். கணக்கும் வரைபடங்களும் இருக்கும் சர்வரை ஓர் இயந்திரத்துக்காகப் பணயம் வைக்கக் கூடாது.

இயந்திரத்துக்கும் சர்வருக்கும் நடுவில், இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சிறிய லினக்ஸ் கணினி ஒன்றை வையுங்கள். ஒரு போர்ட்டில் இயந்திரம் மட்டும், மற்றதில் அலுவலகம். சர்வரின் புரோகிராம் ஃபோல்டரை அந்தக் கணினி எஸ்எம்பி 3 வழியே மவுன்ட் செய்து (தன் ஃபோல்டர் போல இணைத்து), லினக்ஸில் எஸ்எம்பி பகிர்வைத் தரும் சாம்பா மென்பொருள் மூலம் இயந்திரத்துக்குக் காட்டும். சாம்பா 4.11 முதல் எஸ்எம்பி 1 அணைந்தே வருகிறது. எனவே குறைந்தபட்ச நெறிமுறை என்டி1 (எஸ்எம்பி 1க்கு சாம்பா வைத்திருக்கும் பெயர்) என்று நீங்களே குறிப்பிட்டு, இயந்திரத்தின் போர்ட்டில் மட்டும் சாம்பா பதிலளிக்கும்படி அமையுங்கள். இரு போர்ட்டுகளுக்கும் இடையே ரவுட்டிங் (ஒன்றில் வரும் தரவை மற்றதற்குக் கடத்துவது) இருக்கவே கூடாது.

இதன் பிறகு பலர் திணறும் இடம் ஒன்று உண்டு: பாஸ்வேர்டு சரியாக இருந்தும் தவறு என்றே திரை சொல்லும். பாஸ்வேர்டைச் சரிபார்க்க விண்டோஸ் பயன்படுத்தும் முறை என்டிஎல்எம். எக்ஸ்பி இயல்பாக அதன் பழைய பதிப்பில் பதில் அனுப்பும். சாம்பா அதை ஏற்காது. எக்ஸ்பியின் பாதுகாப்பு அமைப்புகளில் என்டிஎல்எம் இரண்டாம் பதிப்பை மட்டும் அனுப்பச் சொன்னால் தீர்ந்துவிடும். சாம்பாவைத் தளர்த்தாதீர்கள்.

புரோகிராம் ஃபோல்டருக்கு இயந்திரத்திலிருந்து படிக்கும் உரிமை போதும். பேக்கப்புக்கு வேறு ஃபோல்டர் கொடுங்கள். அச்சு (மோல்டு) வேலைக்கான புரோகிராம் எவ்வளவு பெரிதானாலும் நெட்வொர்க்கிலிருந்து நேரடியாக ஓட்டாமல், கன்ட்ரோலின் டிஸ்கில் நகலெடுத்தே ஓட்டுங்கள். வெட்டும்போது இணைப்பு ஒரு நொடி தடுமாறினாலும் கட்டர் நின்ற இடத்தில் ஜாபில் (வெட்டப்படும் பொருளில்) தழும்பு விழும்.

எக்ஸ்பியில் எதையும் தொடுவதற்கு முன் கன்ட்ரோலின் டிஸ்கை முழுமையாக இமேஜ் (அப்படியே ஒரு நகல்) எடுத்து, வேறொரு டிஸ்கில் ஏற்றி இயந்திரம் எழுகிறதா என்று பாருங்கள்.