பொருளியல் கேள்வி–பதில்: ஈ.எஸ்.ஜி. முதலீடும் நிறுவனங்களின் நிலைத்தன்மை அறிக்கையும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பொறுப்புள்ள முதலீட்டையும், பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கையையும் பற்றியவை. அவற்றுள் ஆறு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்: ஈ.எஸ்.ஜி. என்ற பெயருடைய மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றை என் முகவர் பரிந்துரைக்கிறார். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகிய மூன்றையும் பார்த்துப் பங்குகளைத் தேர்ந்தெடுப்பார்களாம். இது புதிய விற்பனை உத்தியா, இதற்கு வரலாறு ஏதும் உண்டா?

விற்பனை உத்தி புதிது, வரலாறு பழையது. 1758ஆம் ஆண்டிலேயே பிலடெல்பியாவின் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் சபை, தன் உறுப்பினர்கள் அடிமை வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்று முடிவெடுத்தது. 1928இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய பயனியர் ஃபண்ட் மதுவையும் புகையிலையையும் விலக்கியது. வியட்நாம் போரில் லாபம் பார்க்கும் நிறுவனங்களில் தங்கள் பணம் இருக்கலாகாது என்று எண்ணிய மெத்தடிஸ்ட் திருச்சபையினர் 1971இல் பேக்ஸ் வேர்ல்ட் ஃபண்டைத் தொடங்கினர். ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இருந்த பாதிரியார் லியோன் சல்லிவன், தென்னாப்பிரிக்காவில் இயங்கும் அமெரிக்க நிறுவனங்கள் கறுப்பினத் தொழிலாளரை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதற்கான நெறிகளை 1977இல் வகுத்தார். பத்தாண்டுகள் காத்திருந்தும் நிறவெறி ஆட்சி அசையாததைக் கண்டு, 1987இல் அவரே அந்நெறிகள் போதா என்று கூறி, நிறுவனங்கள் அந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். தாம் எழுதிய விதிகள் பயன் தரவில்லை என்று அவற்றை எழுதியவரே வெளிப்படையாகச் சொன்ன இந்நிகழ்ச்சியை ஒவ்வொரு நிலைத்தன்மை ஆலோசகரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

அறிக்கை வெளியிடும் வழக்கத்துக்கு வேறொரு வேர் உண்டு. அது விபத்துகளில் ஊன்றியது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சு வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. மறு ஆண்டே அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையிலும் கசிவு ஏற்பட, ஆலைகள் வெளியேற்றும் நச்சுப்பொருள்களின் அளவை ஆண்டுதோறும் மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை அந்நாடு 1986இல் இயற்றியது. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டியது. அதே ஆண்டில் முதலீட்டாளர்களும் சூழலியல் அமைப்புகளும் சேர்ந்து செரீஸ் என்ற கூட்டமைப்பை உருவாக்கினர். அதிலிருந்துதான் 1997இல் ஜி.ஆர்.ஐ. எனப்படும் உலகளாவிய அறிக்கை முன்முயற்சி பிறந்தது; அதன் முதல் வழிகாட்டி நெறிகள் 2000ஆம் ஆண்டு வெளியாயின.

திருப்பம் 2004இல் வந்தது. ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் அழைப்பை ஏற்ற நிதி நிறுவனங்கள் சில வெளியிட்ட அறிக்கையின் வழியாக ஈ.எஸ்.ஜி. என்ற மூன்றெழுத்து பரவியது. 2006இல் ஐ.நா. ஆதரவுடன் பொறுப்புள்ள முதலீட்டுக் கொள்கைகள் நியூயார்க் பங்குச் சந்தையில் தொடங்கி வைக்கப்பட்டன. இன்று அவற்றில் 5,000க்கும் மேற்பட்ட அமைப்புகள் கையொப்பமிட்டுள்ளன. அதுவரை, இந்த நிறுவனம் உலகுக்கு என்ன செய்கிறது என்று கேட்டுவந்தனர். அதன் பிறகு, உலகில் நிகழ்வன இந்த நிறுவனத்தின் லாபத்தை என்ன செய்யும் என்று கேட்கத் தொடங்கினர். குவேக்கர்களின் மனச்சாட்சி பின்னுக்குப் போய், நிதி மேலாளரின் இடர்க் கணக்கு முன்னுக்கு வந்தது. தங்கள் முகவர் முதல் கேள்விக்குரிய உணர்வைக் காட்டி, இரண்டாம் கேள்விக்குரிய பொருளை விற்கிறார் என்றே ஐயுறுகிறேன்.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2023 முதல் இத்தகைய திட்டங்களை ஆறு உத்திகளாகப் பிரித்திருக்கிறது. எந்த உத்தி என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். குறைந்தது 80 விழுக்காட்டுப் பணம் அவ்வுத்தியின்படி முதலீடு செய்யப்பட வேண்டும். ஆகவே, இது விலக்கும் உத்தியா, சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் உத்தியா, இடர்களைக் கணக்கில் சேர்க்கும் உத்தி மட்டுமா என்று முகவரிடம் கேளுங்கள். கடைசியானது என்றால், தாங்கள் விரும்பாத தொழில்களும் அதற்குள் இருக்கக்கூடும்.

சென்னையிலிருந்து, வணிகவியல் மாணவி ஒருவர்: ஒரே நிறுவனத்துக்கு ஒரு மதிப்பீட்டு நிறுவனம் உயர்ந்த ஈ.எஸ்.ஜி. மதிப்பெண்ணும் மற்றொன்று தாழ்ந்த மதிப்பெண்ணும் தருவது எப்படி?

அவர்கள் அளப்பது ஒரே பொருளை அன்று. எதை அளப்பது, எந்த அளவுகோலால் அளப்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது ஆகிய மூன்றிலும் அவர்கள் வேறுபடுகின்றனர். ஆறு முன்னணி மதிப்பீட்டு நிறுவனங்களை ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வொன்றில், மதிப்பெண்களுக்கு இடையிலான ஒட்டுறவு (முழுவதும் ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54 மட்டுமே என்று தெரியவந்தது. கடன் தர மதிப்பீடுகளில் அது 0.9க்கும் மேல்.

2022 மே மாதத்தில் எஸ் அண்ட் பி 500 ஈ.எஸ்.ஜி. குறியீட்டிலிருந்து மின்கார் தயாரிக்கும் டெஸ்லா நீக்கப்பட்டது. எண்ணெய் எடுக்கும் எக்ஸான் மொபில் தொடர்ந்து இடம்பெற்றது. எலான் மஸ்க் சீறினார். படித்தவர்கள் பலர் சிரித்தனர். ஆயினும் குறியீட்டின் விதிப்படி அது முரண் அன்று. அது ஒவ்வொரு தொழிலுக்குள்ளும் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் குறியீடு. எண்ணெய் நிறுவனம் எண்ணெய் நிறுவனங்களோடும், கார் நிறுவனம் கார் நிறுவனங்களோடும் போட்டியிடுகின்றன. டெஸ்லா ஆலையில் இனப் பாகுபாடு நிலவுவதாக எழுந்த புகார்கள் கணக்கில் வந்தன. கார் ஓடும்போது புகை வராமை மட்டும் போதவில்லை.

பெரும் தோல்விகள் வேறு வகையானவை. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்துக்கு 2008 செப்டம்பரில் சிறந்த நிறுவன ஆளுகைக்கான தங்க மயில் விருது வழங்கப்பட்டது. நான்கே மாதங்களில், 2009 ஜனவரியில், கணக்குகள் பொய் என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார். ஃபோக்ஸ்வாகன் 2015 செப்டம்பரில் டவ் ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீட்டில் கார்த் தொழிலின் முதலிடத்தில் இருந்தது. புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை அது டீசல் கார்களில் பொருத்தியிருந்தது அதே மாதத்தில் அம்பலமானது. நிறுவனமே எழுதித் தரும் தாளை மதிப்பிட்டால், தாளுக்குத்தான் மதிப்பெண் கிடைக்கும். தேர்வுக்குப் படிப்பதற்கு மதிப்பெண் அட்டவணை போதும். முதலீடு செய்வதற்கு அதன் அடியில் உள்ள எண்களைப் பாருங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் ஊரில் நடந்தது நாடறியும். எந்த முதலீட்டாளராவது அறத்தின் பேரில் பணத்தைத் திரும்ப எடுத்ததுண்டா, அதனால் ஏதேனும் பயன் விளைந்ததா?

உண்டு, தங்கள் ஊரை ஒட்டியே உண்டு. எண்ணெய் வருவாயைச் சேமிக்கும் நார்வே அரசின் ஓய்வூதிய நிதிக்கு 2004 முதல் அறநெறிக் குழு ஒன்று இருக்கிறது. அக்குழு 2007இல் வேதாந்தா குழுமத்தின் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை, மேட்டூரின் மால்கோ அலுமினிய ஆலை, சத்தீஸ்கரின் கோர்பாவிலுள்ள பால்கோ அலுமினிய ஆலை, ஒடிசாவின் லாஞ்சிகர் அலுமினா ஆலை ஆகிய நான்கையும் ஆராய்ந்து, கடுமையான சூழல் சேதத்துக்கும் மனித உரிமை மீறலுக்கும் உடந்தையாகும் இடர் இருப்பதாக அறிக்கை அளித்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு நிதியமைச்சகம் வேதாந்தாவை விலக்கியதாக அறிவித்தது. 2010 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையும், ஒடிசாவில் பழங்குடியினர் புனிதமாகக் கருதும் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டும் திட்டத்தை முன்னிட்டு, தன் வேதாந்தா பங்குகளை விற்றது.

விற்ற பங்குகளை வேறொருவர் வாங்கினார், ஆலை ஓடியது. சூழல் விதிமீறல்களுக்காக 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்த பின்னரும் ஓடியது. 2018 மே 22, 23 நாள்களில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்ட பிறகே, மே 28 அன்று மாநில அரசு அதை மூட ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகவே, ஆலையை மூடச் செய்தது முதலீட்டாளரின் மனச்சாட்சி என்று நான் எழுதினால் அது அங்குள்ள மக்களுக்கு இழைக்கும் அநீதி. எனினும், உள்ளூர் மக்களின் குற்றச்சாட்டுகள் அரசியல் தூண்டுதல் என்று ஒதுக்கப்பட்டுவந்த காலத்தில், லாபத்தில் மட்டுமே அக்கறை கொண்டிருக்க வேண்டிய ஒரு வெளிநாட்டு நிதி அவற்றை ஆலை மூடப்படுவதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தன் ஆவணத்தில் எழுதி வெளியிட்டிருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று. வெளிப்படையான காரணத்தோடு வெளியேறும் முதலீட்டாளர் விலையை அசைக்காவிட்டாலும் சாட்சி ஒன்றை விட்டுச் செல்கிறார்.

திருப்பூரிலிருந்து, சிறு பின்னலாடைத் தொழில் நடத்துபவர்: எங்களிடம் சரக்கு எடுக்கும் பெரிய நிறுவனம் தண்ணீர், மின்சாரம், கழிவு, பெண் தொழிலாளர் எண்ணிக்கை என்று நீண்ட வினாப்பட்டியல் அனுப்பியிருக்கிறது. இதை நிரப்பியே ஆக வேண்டுமா? சி.எஸ்.ஆர். என்பது எங்களுக்கும் பொருந்துமா?

இரண்டும் வேறு வேறு. சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனச் சமூகப் பொறுப்பு, 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் வருவது. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். லாபம் வந்த பிறகு அதை எப்படிச் செலவழித்தாய் என்று அது கேட்கிறது. லாபம் எப்படி வந்தது என்று கேட்பது பி.ஆர்.எஸ்.ஆர். எனப்படும் வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களுக்கு 2012இல் செபி கொண்டுவந்த பொறுப்பறிக்கை, 2015இல் 500 நிறுவனங்களுக்கும் 2019இல் 1,000 நிறுவனங்களுக்கும் விரிந்து, 2021 மே மாதத்தில் பி.ஆர்.எஸ்.ஆர். என்று உருமாறி, 2022–23 நிதியாண்டு முதல் முதல் 1,000 நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. அதிலுள்ள முக்கியமான அளவீடுகளை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலையில் வந்தது. அது முதல் 150 நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக விரிகிறது.

தங்களைப் போன்றோர் அதில் நுழைவது விநியோகச் சங்கிலி வழியாக. முதல் 250 நிறுவனங்கள், தங்கள் கொள்முதலிலோ விற்பனையிலோ தனித்து 2 விழுக்காடும் அதற்கு மேலும் பங்குள்ளவர்களைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. ஆனால் 2025 மார்ச்சில் செபி அதைத் தன்விருப்பமாக்கிவிட்டது. ஆகவே சட்டம் இன்று தங்களை நேரடியாகக் கட்டாயப்படுத்தவில்லை, ஆர்டர்தான் கட்டாயப்படுத்துகிறது. ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் சரக்கு என்றால் கேள்விகள் இன்னும் கூடுமே தவிரக் குறையமாட்டா.

தங்கள் ஊர் இவ்வகையில் பின்தங்கியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். நொய்யலில் சாயக்கழிவு கலந்ததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் பெரும் செலவில் மாறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ரசீதும் மின்கட்டண அட்டையும் வருகைப் பதிவேடும் இருந்தால் வினாப்பட்டியலின் பெரும்பகுதியை நிரப்பிவிடலாம். ஆலோசகருக்குப் பணம் தர வேண்டிய அவசியம் இல்லை. தெரியாததற்கு ஊகமாக எண் எழுதாதீர்கள்.

ஒன்றைத் தாங்களும் திருப்பிக் கேட்கலாம். சரக்கு வாங்கியவர் பணம் தருவதற்கு எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறார், இடுபொருளில் எவ்வளவு சிறு தொழில்களிடமிருந்து வாங்குகிறார் என்பனவும் அதே அறிக்கையில் பெரிய நிறுவனம் நிரப்ப வேண்டிய கட்டங்கள். நிலுவைக்காக அலையும் சிறு தொழில் முனைவோருக்கு இந்த அறிக்கையிலேயே மிகவும் பயனுள்ள எண் அதுவாகத்தான் இருக்கும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: இத்தகைய ஃபண்டுகளில் லாபம் கூடுமா, குறையுமா?

உறுதியாகச் சொல்பவரை நம்ப வேண்டாம். 2022இல் உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறியபோது, எண்ணெய்ப் பங்குகளை விலக்கிய ஃபண்டுகள் பின்தங்கின. தொழில்நுட்பப் பங்குகள் ஏறிய ஆண்டுகளில் அவையே முந்தின. அறத்துக்குக் கிடைத்த பரிசோ தண்டனையோ அன்று அது. எந்தத் தொழில் பட்டியலில் இருக்கிறது என்பதன் விளைவு. கட்டண விகிதத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து, பட்டயக் கணக்காளர் ஒருவர்: அமெரிக்கா பின்வாங்குகிறது, ஐரோப்பாவும் விதிகளைத் தளர்த்துகிறது என்கின்றனர். இவ்வறிக்கைகளின் காலம் முடிந்ததா?

பின்வாங்கல் உண்மை. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் கொண்டுவந்த காலநிலை அறிக்கை விதியை மறுமாதமே நிறுத்தி வைத்தது. 2025 மார்ச்சில், அதற்காக நீதிமன்றத்தில் வாதாடுவதையே கைவிட்டது. ஈ.எஸ்.ஜி.யின் முகமாக இருந்த பிளாக்ராக் நிறுவனத்தின் தலைவர் லாரி ஃபிங்க், அச்சொல்லைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று 2023இலேயே கூறிவிட்டார். ஐரோப்பிய ஆணையம், அறிக்கை தர வேண்டிய நிறுவனங்களின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைக்கும் திட்டத்தை 2025 பிப்ரவரியில் முன்வைத்தது. ஆனால் அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் நகர்வு உண்டு. கணக்கியல் தரங்களை வகுக்கும் ஐ.எஃப்.ஆர்.எஸ். அறக்கட்டளையின் நிலைத்தன்மைத் தர வாரியம் எஸ்1, எஸ்2 என்னும் இரு தரங்களை 2023 ஜூனில் வெளியிட்டது. பல நாடுகள் அவற்றை ஏற்றுவருகின்றன. பசுமை முதலீடு என்று மிகைப்படுத்தியதற்காக ஜெர்மனியின் டி.டபிள்யூ.எஸ். நிதி நிறுவனம் 2023இல் அமெரிக்காவில் 1.9 கோடி டாலரும், 2025இல் தன் நாட்டில் 2.5 கோடி யூரோவும் அபராதமாகச் செலுத்த நேர்ந்தது. விளம்பரம் குறைகிறது, பொறுப்புக்கூறல் கூடுகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

தங்கள் தொழிலுக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. கரியமில வாயுக் கணக்கைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். அறிக்கையை நேரடியாகப் படிக்க விரும்பும் மற்ற வாசகர்கள் பங்குச் சந்தைத் தளங்களில் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, வண்ணப் படங்கள் உள்ள முன்பக்கங்களைத் தாண்டி, பி.ஆர்.எஸ்.ஆர். பகுதிக்குச் செல்லலாம். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் எண்ணிக்கை தொடக்கத்திலேயே இருக்கும்; அறிக்கை ஒன்பது கொள்கைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; அவற்றுள் அபராதங்கள் முதலாம் கொள்கையின் கீழும், பணியிட விபத்துகளும் மரணங்களும் மூன்றாம் கொள்கையின் கீழும், தண்ணீரும் கழிவும் புகையும் ஆறாம் கொள்கையின் கீழும் கிடைக்கும். பெரும்பாலான கட்டங்களில் முந்தைய ஆண்டின் எண்ணும் அருகிலேயே தரப்பட்டிருக்கும். சென்ற ஆண்டு அறிக்கையில் அச்சான எண்ணும் இவ்வாண்டு அறிக்கையில் சென்ற ஆண்டுக்கென்று தரப்பட்ட எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள்.