கடிதம்: ‘நாங்கள் படாத கஷ்டமா?’

அன்புள்ள அக்கா,

எனக்கு 24 வயது. வெள்ளவத்தையில் அம்மா அப்பாவோடு இருக்கிறேன். நாலு மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லை, வேலைக்குப் போக பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. ‘எனக்கு டிப்ரெஷன் போல’ என்று அம்மாவிடம் சொன்னேன். ‘நாங்கள் படாத கஷ்டமா உனக்கு?’ என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். இனி எப்படிக் கதைப்பது?

வாசகி, கொழும்பு 6

அன்புள்ள தங்கச்சி,

அதே கேள்வியை என் அம்மாவும் கேட்டா. எனக்கு அப்போது கோபம்தான். ஆனால் 83 ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் ஒரு துணிப் பையோடு ஓடி, முகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய், பிறகு அதே கொழும்பில் வந்து வாடகை வீடு தேடிய மனிசி அவ. அவவின் நித்திரையைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான்.

எங்கள் ஆட்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்வது குறைவு, ‘பிள்ளை நெடுக யோசிக்குது’ என்பார்கள். நீங்கள் டிப்ரெஷன் என்றதும் உங்கள் அம்மாவுக்கு விசர், அங்கொடை மனநல ஆஸ்பத்திரி, உங்கள் கல்யாணப் பேச்சு, மூன்றும் ஒரே நொடியில் வந்திருக்கும். ஆகவே வருத்தத்தின் பெயரை விட்டுவிட்டு உடம்பைச் சொல்லுங்கள்: விடிய மூன்று மணிக்கு முழிப்பு வருகுது, சாப்பாடு இறங்குதில்லை, யோசனை நிக்குதில்லை. சாப்பாடு இறங்கவில்லை என்றால் எந்த அம்மாவும் திரும்பிப் பார்ப்பா. குசினியில் வேண்டாம், பின்னேரம் மரைன் டிரைவில் நடக்கும்போது சொல்லுங்கள், முகத்தைப் பார்க்கத் தேவையில்லை.

அப்புறம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: ‘வியாழக்கிழமை டொக்டரிட்ட என்னோட வாறீங்களா?’ வழக்கமாகப் போகும் குடும்ப டொக்டரே போதும். தைரொய்ட், இரத்தச்சோகை இருக்கிறதா என்று முதலில் இரத்தம் பார்க்கச் சொல்லலாம், அவையும் இப்படிக் களைப்பையும் படபடப்பையும் தரும். தேவைப்பட்டால் மனநல கிளினிக்குக்குக் கடிதம் தருவார், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை.

அவ வரமாட்டேன் என்றால் தனியே போங்கள். 24 வயதில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. செத்தால் என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் வியாழக்கிழமை வரை இருக்காதீர்கள், அன்றைக்கே 1926க்கு அடியுங்கள். (அது அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். அம்மாவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

அப்பாவை விட்டுவிடாதீர்கள். சத்தத்தைக் கூட்டியவர் நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் கூட்டியிருக்கிறார். என் அப்பாவும் மாதக்கணக்கில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒருநாள் காலையில் கலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டார்: ‘குளிசை முடியப் போகுதோ? நான் வாங்கிக்கொண்டு வரட்டோ?’